வலது மூக்கோரம் (ஏலா) முழுக்கனத்தில் போன காயம்: ஃப்ளாப்பை முடிவுசெய்யும் முன் எதையெல்லாம் அளக்க வேண்டும்?

அரசலாறு (பொது அறுவை சிகிச்சை, முதுநிலை 3-ஆம் ஆண்டு)

வணக்கம். டெல்டா மாவட்டம் ஒன்றின் அரசு மருத்துவமனையில் படிக்கிறேன். இப்போது பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் சுழற்சிப் பணி. தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கியதிலிருந்து, தார்ச்சாலையில் பாதியை அடைத்துக் காயவைத்திருக்கும் நெல்லின்மீது இரவில் இருசக்கர வண்டி ஏறிச் சறுக்கி, முகம் தரையோடு உரசிய நிலையில் வருகிறவர்களின் எண்ணிக்கை எங்கள் அவசரப் பிரிவில் கூடிவிட்டது. அப்படி வந்தவர்களில் ஒருவரைப் பற்றியே கேட்கிறேன்.

நாற்பது வயதை ஒட்டிய விவசாயி, தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. சி.டி.யில் மூளையிலும் முக எலும்பிலும் பாதிப்பு இல்லை. வலது கன்னத்தில் தாரும் மண்ணும் ஏறிய சிராய்ப்பு, மேலுதட்டில் உதட்டுச் சிவப்பும் தோலும் சேரும் வெர்மில்லியன் கோட்டைக் குறுக்கே வெட்டிய கிழிசல், அத்துடன் மூக்குத் துளையின் வெளிப்புறத்தை வளைந்து மூடும் வலது ஏலாவின் ஓரத்தில் ஏறத்தாழ 1.5 செ.மீ. முழுக்கனத்தில் பிய்ந்து போயிருந்தது. விழுந்த துண்டு கிடைக்கவில்லை. அன்றிரவே மயக்கம் கொடுத்து, கன்னத்தைத் தூரிகையால் தேய்த்துக் கழுவி, உதட்டைத் தைத்து, மூக்கில் வெளித்தோலையும் உட்புறச் சவ்வையும் ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைத்து விட்டுவிட்டேன். இன்று ஏழாம் நாள். திங்கட்கிழமை ரவுண்ட்ஸில் மூக்குக்கு என்ன செய்யலாம் என்று திட்டத்தோடு வரும்படி பிரிவுத் தலைவர் சொல்லியிருக்கிறார். புத்தகத்தில் நேசோலேபியல் ஃப்ளாப் (மூக்கோரக் கன்னத்தோலை இரத்த ஓட்டம் அறாமல் திருப்பி வைப்பது), நெற்றித் தோலை அப்படித் திருப்பும் நெற்றி ஃப்ளாப், காதிலிருந்து முழுதாக வெட்டியெடுத்து ஒட்டும் காம்போசிட் கிராஃப்ட் என மூன்று வழிகள் இருக்கின்றன. எதைச் சொல்வது, எந்தக் காரணத்தைக் காட்டிச் சொல்வது என்று தெரியவில்லை. படத்தை இங்கே இடமாட்டேன்; அவர் அதற்கு ஒப்புதல் தரவில்லை.

---

கொள்ளிடம் (காது மூக்கு தொண்டை, திருச்சி)

1.5 செ.மீ. என்பது காம்போசிட் கிராஃப்ட்டின் எல்லைக்குள் வருகிறது. காதின் வெளிமடிப்பு தொடங்கும் ஹீலிக்ஸ் வேரிலிருந்து, இரு பக்கத் தோலும் நடுவே குருத்தெலும்பும் ஒன்றாக இருக்கும் துண்டை ஆப்பு வடிவில் எடுத்து வைத்தால் உள்பூச்சு (துளையின் உட்புறப் பரப்பு), தாங்கல், வெளித்தோல் மூன்றும் ஒரே அறுவையில் கிடைத்துவிடும். வைத்ததும் அது வெளுத்திருக்கும், மறுநாள் நீலம் பாய்ந்து பயமுறுத்தும், மூன்று முதல் ஏழு நாளுக்குள் சிவப்பேறும். அந்த நீலத்தைப் பார்த்துப் பதறி யாரும் எடுத்துவிடக் கூடாது. அறுவடை நேரத்தில் ஒரு விவசாயியை இரண்டு மூன்று முறை மருத்துவமனைக்கு வரச்சொல்வது நடக்கிற காரியமா என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

---

வெண்ணாறு (பிளாஸ்டிக் சர்ஜரி, பணி ஓய்வு)

தம்பி, முதல் இரவில் நீங்கள் செய்தவற்றில் இரண்டு சரியான காரியங்கள் இருக்கின்றன. முதலாவது, கன்னத்தைத் தேய்த்தது. தார்த்துகள் தோலின் டெர்மிஸ் அடுக்கில் தங்கிவிட்டால் காயம் ஆறிய பிறகு பச்சை குத்தியது போல நீலக்கறுப்பாக நிலைத்துவிடும்; முதல் நாளில் தூரிகையாலும் உப்புநீராலும் போகக்கூடியது, பிறகு லேசர் வைத்தாலும் முழுதாகப் போகாது. ஒட்டிய தார் இளகுவதற்கு வாசலின் போன்ற களிம்பு போதும். எங்கள் காலத்தில் இதை நள்ளிரவில் செய்வதற்குச் சோம்பல்பட்டு, மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட முகங்கள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. அவற்றில் ஒன்று நான் விட்டது. இரண்டாவது, மூக்கின் ஓரத்தைச் சவ்வோடு சேர்த்துத் தைத்துவிட்டு நிறுத்தியது. வயல்சேறும் சாலைமண்ணும் ஏறி, ஓரம் நசுங்கிய காயத்தில் அன்றிரவே ஃப்ளாப் தூக்குகிறவர், எந்தத் திசு பிழைக்கும், எது கறுக்கும் என்று தெரியாமலேயே அளவெடுக்கிறார்.

கொள்ளிடம் ஐயா சொன்ன காம்போசிட் கிராஃப்ட் சுத்தமான கத்திவெட்டிலும், தோல்கட்டி அகற்றிய இடத்திலும் நல்ல பலன் தரும். அந்தத் துண்டின் எந்தப் புள்ளியும் இரத்தம் உள்ள ஓரத்திலிருந்து அரை செ.மீ.க்கு மேல் தள்ளியிருக்கக் கூடாது என்பதுதான் நான் கைக்கொண்ட கணக்கு, 1.5 செ.மீ. என்பது அந்தக் கணக்கின் விளிம்பு. சாலையில் உரசி வடுவேறிய ஓரம் அவ்வளவு இரத்தத்தைக் கொடுக்குமா என்பது எனக்குச் சந்தேகம். அவர் பீடி பிடிக்கிறாரா? நீங்கள் எழுதவில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஃப்ளாப்பின் பெயரைச் சொல்வதற்கு முன், மூக்கில் இல்லாமல் போனவற்றை அடுக்கடுக்காக எழுதிக்கொண்டு வாருங்கள். உள்பூச்சு எத்தனை மி.மீ. இல்லை? வெளித்தோல் எத்தனை மி.மீ. இல்லை? இரண்டும் ஒரே அளவாக இருக்காது. காயம் ஏலாவோடு நிற்கிறதா, ஏலாவுக்கு மேலே உள்ள பள்ளத்தைத் தாண்டிப் பக்கச்சுவரிலும் ஏறியிருக்கிறதா? மூக்குநுனிக்கும் ஏலாவுக்கும் நடுவே உள்ள மென்முக்கோணம் இருக்கிறதா? ஏலாவின் அடி கன்னத்தோடு சேரும் இடம் இடதுபுறத்தோடு ஒப்பிட்டால் நகர்ந்திருக்கிறதா? மிக முக்கியமாக, நீங்கள் எழுதிய 1.5 செ.மீ. எந்த நாளில் அளந்தது?

---

வெட்டாறு (வாய் மற்றும் முகத்தாடை அறுவை சிகிச்சை, கும்பகோணம்)

உதட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்றாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மேலுதட்டுக் கிழிசலுடன் வருகிறவரின் முன்பற்களை எண்ணுங்கள். ஒரு பல் உடைந்திருந்து துண்டு கையில் கிடைக்கவில்லையென்றால், அது உதட்டுக்குள்ளேயே இருக்கலாம். ஒரு சாதாரண எக்ஸ்ரே அதைக் காட்டிவிடும். நன்றாகத் தைத்த உதடு இரண்டு வாரம் கழித்துச் சீழ்வைத்து வர, உள்ளே பல்துண்டு இருந்ததை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன்.

அடுத்து, வெர்மில்லியன் கோட்டை மரத்துப்போகும் ஊசி போடுவதற்கு முன்பே மையால் குறித்துவிட வேண்டும். ஊசிநீர் உதட்டை வீங்கச் செய்யும், அட்ரினலின் அதை வெளுக்கச் செய்யும். அதன்பின் கோடு எங்கே என்று தேடுவது வீண். உதட்டில் நேரடியாகக் குத்தாமல், கண்ணுக்குக் கீழே வெளிவரும் இன்ஃப்ராஆர்பிட்டல் நரம்பை மரக்கச் செய்வது அதனினும் நல்லது. தோலில் போடும் முதல் தையல் அந்தக் கோட்டில்தான் விழ வேண்டும். ஒரு மி.மீ. பிசகினாலும் எதிரே நின்று பேசுகிறவர் கண்ணில் படும்.

---

குடமுருட்டி (பொது அறுவை சிகிச்சை, முதுநிலை 2-ஆம் ஆண்டு)

இழையின் நடுவே நுழைவதற்கு மன்னிக்கவும். இதே மாதத்தில் எங்களிடம் கதிர் அரிவாள் கன்னத்தில் பட்டு ஒருவர் வந்தார். காதின் முன்பக்கத்திலிருந்து வாயின் ஓரத்தை நோக்கி நீண்ட வெட்டு. அடுக்கடுக்காகத் தைத்து அனுப்பிவிட்டோம். மறுநாள் அவர் சிரிக்கும்போது மேலுதடு ஒரு பக்கம் எழவில்லை. வீக்கத்தினால் இருக்கலாம் என்று காத்திருக்கிறோம். இன்று மூன்றாம் நாள் காலை.

---

வெண்ணாறு

காத்திருக்க வேண்டாம், இதைப் படித்ததும் உங்கள் மூத்தவரை அழையுங்கள். வெட்டுண்ட முகநரம்பின் தொலைமுனை ஏறத்தாழ 72 மணி நேரம் வரைதான் மின்தூண்டலுக்குத் துடிக்கும். அதற்குள் திறந்தால் தூண்டுகோலை வைத்து, உதடு எங்கே அசைகிறது என்று பார்த்தே முனையைக் கண்டுபிடித்துவிடலாம். அதற்குப் பிறகு திறந்தால் வீங்கிய சதைக்குள் நூலைத் தேடுவது போலத்தான். கண்ணின் வெளிமூலையிலிருந்து நேர்கீழே ஒரு கோடு இழுத்தால், அதற்கு மூக்குப் பக்கம் வெட்டுப்பட்ட மெல்லிய கிளைகளைப் பொதுவாகத் தேடுவதில்லை, அவை தாமே ஒன்றோடொன்று இணைந்து ஈடுசெய்துகொள்ளும். காதுப் பக்கம் வெட்டுப்பட்டிருந்தால் தேட வேண்டும். உங்கள் வெட்டு எந்தப் பக்கம் வரை ஆழமாக இருந்தது என்பதுதான் இப்போது கேள்வி.

அதோடு, டிராகஸிலிருந்து (காதுத்துளைக்கு முன்னுள்ள சிறு மேடு) மேலுதட்டின் நடுப்பகுதிக்கு ஒரு கோடு இழுத்தால் அதன் நடு மூன்றிலொரு பங்கில் பரோடிட் உமிழ்நீர்ச் சுரப்பியின் நாளம் ஓடுகிறது. முகநரம்பின் பக்கல் (கன்ன) கிளையும் அதனோடு ஒட்டியே வருகிறது. அதனால் உதட்டின் ஒரு பக்கம் எழவில்லை என்றால் நாளத்தையும் சந்தேகிக்க வேண்டும். மேல் இரண்டாம் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே கன்னத்தின் உட்புறம் இருக்கும் அதன் வாயில் மெல்லிய குழாயைச் செலுத்திப் பாருங்கள். குழாயின் முனை காயத்துக்குள் தெரிந்தால் நாளம் அறுந்திருக்கிறது. இத்தனையும் மரத்துப்போகும் ஊசிக்கு முன் புருவத்தைத் தூக்கச் சொல்லி, கண்ணை இறுக மூடச் சொல்லி, பல்லைக் காட்டச் சொல்லி, உதட்டைக் குவிக்கச் சொல்லிப் பார்த்திருந்தால் முதல் நாளிலேயே தெரிந்திருக்கும். அரை நிமிட வேலை அது.

---

குடமுருட்டி

அழைத்துவிட்டேன், ஐயா. இன்று மாலை அறுவை அரங்கு கிடைத்திருக்கிறது. வெட்டு கண்மூலைக் கோட்டுக்குக் காதுப் பக்கத்தில்தான் ஆழமாக இருந்தது.

---

அரசலாறு

வெண்ணாறு ஐயா கேட்டவற்றுக்கு விடை. முதலாவதாக, 1.5 செ.மீ. என்பது முதல் இரவில் அளந்தது. நேற்று மீண்டும் அளந்தபோது 1 செ.மீ.தான் இருந்தது, காயம் சிறிதாகிவிட்டது என்று மகிழ்ந்தேன். பிறகு இடது ஏலாவை அளந்து பார்த்தபோதுதான் புரிந்தது: வலது துளையே சுருங்கி, ஏலாவின் அடி மேலே இழுக்கப்பட்டிருக்கிறது. ஏலா வெளித்தோலில் பாதிக்கும் மேல் இல்லை. பக்கச்சுவரில் 3 மி.மீ. அளவு ஏறியிருக்கிறது. மென்முக்கோணம் இருக்கிறது. உள்பூச்சு வெளித்தோலைவிடக் குறைவாகவே போயிருக்கிறது. முன்பற்கள் எல்லாம் முழுதாக உள்ளன. அவர் நாளொன்றுக்கு ஒரு கட்டு பீடி பிடிப்பவர்.

---

கொள்ளிடம்

ஒரு கட்டு பீடி என்றால் காம்போசிட் கிராஃப்ட் யோசனையை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் வேறொன்றில் வெண்ணாறு ஐயாவோடு வழக்குப் பேச வேண்டியிருக்கிறது. பிளாஸ்டிக் சர்ஜன்கள் பர்கெட், மெனிக் இருவரும் 1985-இல் மூக்கை முதுகு, நுனி, நடுத்தண்டு, இரு பக்கச்சுவர், இரு ஏலா, இரு மென்முக்கோணம் என ஒன்பது துணை அலகுகளாகப் பிரித்து, ஓர் அலகில் பாதிக்கு மேல் போயிருந்தால் மிச்சத்தையும் வெட்டியெடுத்து அந்த அலகை முழுதாக மாற்றுங்கள் என்றார்கள். இந்த மாணவர் திங்கட்கிழமை அதை அப்படியே ஒப்பிக்கப் போகிறார். நல்ல தோலை வெட்டியெறிவதற்கு அது எப்போதும் போதுமான காரணமாகுமா? நம் மக்களின் மூக்குத் தோல் தடித்தது, வடு கறுத்துத் தெரியக்கூடியது. இழப்பு எவ்வளவோ அவ்வளவை மட்டும் நிரப்பினால் போதும் என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். முகப்பருக் குழிகள் நிறைந்த மூக்கில் நான் அப்படியே செய்துவருகிறேன்.

---

வெண்ணாறு

வழக்கு நியாயமானது. அந்தப் பாதிக் கணக்கு, வடுவை ஒளியும் நிழலும் மாறும் விளிம்பில் கொண்டுபோய் மறைப்பதற்காக ஏற்பட்டது. சட்டப் பிரிவு அன்று. மூக்கின் முதுகில் பாதி போயிருந்தால் நானும் மிச்சத்தை வெட்டமாட்டேன். ஆனால் ஏலா வேறு. அது குவிந்த பரப்பு. அதன் நடுவே ஓர் ஒட்டைப் போட்டால் ஓரத்தைச் சுற்றி வட்டமாக வடு சுருங்கி, நடுவில் உள்ள தோல் பணியாரம் போல உப்பிக்கொள்ளும். அலகு முழுவதையும் மாற்றினால் அதே சுருக்கம் ஏலாவுக்கு வேண்டிய குவிவைத் தானே கொடுத்துவிடுகிறது. இங்கே நல்ல தோலைத் தியாகம் செய்வதற்கு அதுதான் காரணம். மாணவர் எண்ணை விட்டுவிட்டு இந்தக் காரணத்தைச் சொல்லட்டும்.

அரசலாறு தம்பிக்கு: நீங்கள் இடதுபுறத்தை அளந்ததுதான் இந்த இழையிலேயே உருப்படியான வேலை. ஆறுகிற காயம் இல்லாததை மறைத்துக்காட்டும். மீண்டும் அறுவை செய்யும் நாளில் வடுவை வெட்டித் திறந்து, ஏலாவின் அடியை அதன் பழைய இடத்துக்கு இறக்கிவிட்டால், உங்கள் 1 செ.மீ. மீண்டும் 1.5 ஆகும், சிலவேளை 1.8 ஆகும். ஃப்ளாப்பின் அளவை வலதுபுறக் குழியிலிருந்து எடுக்கவே கூடாது. தையல் நூல் வரும் உறையின் அலுமினியத் தாளை இடது ஏலாவின் மீது அழுத்தி, ஓரத்தைக் குறித்து, வெட்டி, திருப்பிப் போடுங்கள். அதுவே வலது ஏலாவின் அச்சு. சுசுருத சம்ஹிதையில் அறுபட்ட மூக்குக்கு ஓர் இலையை அந்த அளவுக்கு நறுக்கி வைத்துப் பார்த்து, கன்னத்தில் அதே அளவுத் தோலை எடுக்கச் சொல்லியிருக்கிறது. தாளை வெட்டும்போதெல்லாம் எனக்கு அந்த இலை நினைவுக்கு வரும்.

எந்த ஃப்ளாப் என்றால், ஏலாவுக்கு மட்டும் என்னும்போது நான் நேசோலேபியலை இரண்டு கட்டமாகச் செய்வேன். 3 மி.மீ. பக்கச்சுவர் இழப்பைக் கன்னத்தோலை நகர்த்தியே மூடிவிடலாம். ஏலாவின் ஃப்ளாப்பை மேலே நீட்டி அதை மூடப் போனால் ஏலாவுக்கு மேலுள்ள பள்ளம் தூர்ந்துபோகும், பிறகு அதைத் தோண்டி எடுப்பது பெரும்பாடு. நெற்றி ஃப்ளாப்பைப் பெரிய இழப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதன் சுப்ராட்ராக்ளியர் தமனி நடுக்கோட்டிலிருந்து 1.7 முதல் 2.2 செ.மீ. தள்ளி, புருவத்தின் உள்முனை அருகே மேலேறுகிறது. ஃப்ளாப்புக்கு இரத்தம் கொண்டுவரும் காம்பு 1.5 செ.மீ. அகலம் போதும், அகலம் கூடினால் திருப்புவதுதான் சிரமமாகும். நம் ஊரில் நெற்றி குறுகிய, முடி தாழ்ந்து வளர்ந்தவர்களுக்கு ஃப்ளாப்பின் நுனியில் முடியும் சேர்ந்து மூக்குக்கு வந்துவிடும் என்பதை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, தேர்வில் பலர் தவறுகிற இடம். இயற்கையான ஏலாவின் ஓரத்தில் குருத்தெலும்பு கிடையாது, நாரும் கொழுப்பும்தான். ஆகவே நாமும் வைக்க வேண்டியதில்லை என்று மாணவர்கள் முடிவுகட்டுகிறார்கள். வைக்காவிட்டால் புதிய ஏலா வடுவின் இழுப்பில் மேலேறி நிற்கும், மூச்சை இழுக்கும்போது உள்ளே ஒட்டிக்கொள்ளும். காதின் குழிந்த பகுதியான கான்காவிலிருந்து வளைந்த மெல்லிய குருத்தெலும்புப் பட்டை ஒன்றை எடுத்து ஓரத்தில் வையுங்கள்.

---

கொள்ளிடம்

ஏலாவின் குவிவு பற்றிய விளக்கத்தை ஏற்கிறேன். நெற்றி ஃப்ளாப் பேச்சு வந்ததால் சிறிது விலகி ஒன்று சொல்கிறேன். 1794 அக்டோபரில் லண்டன் ஜென்டில்மன்ஸ் மேகசினில் வெளியான கடிதத்தில் வரும் கவாஸ்ஜி, திப்புவோடு நடந்த போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டியவர், பிடிபட்டு மூக்கறுக்கப்பட்டவர். அவருக்கு நெற்றித் தோலால் மூக்கு வைத்தவர் புனே பக்கத்தில் செங்கல் சூளைத் தொழில் செய்த சாதியைச் சேர்ந்த வைத்தியர். அந்த முறையைப் படித்துத்தான் ஆங்கில அறுவை மருத்துவர் கார்ப்யூ 1814-இல் லண்டனில் செய்தார். அந்த வைத்தியரும் மெழுகால் மூக்கின் வடிவத்தைச் செய்து, அதை நெற்றியில் தட்டையாக விரித்து அளவெடுத்தார் என்றுதான் கடிதம் சொல்கிறது. இலை, மெழுகு, இப்போது அலுமினியத் தாள்.

---

அரசலாறு

திங்கட்கிழமை ரவுண்ட்ஸ் முடிந்தது. நான் சொன்ன திட்டம்: இப்போது அறுவை வேண்டாம், வடு இளகும் வரை எட்டு வாரம் காத்திருப்பது, அறுவைக்கு நான்கு வாரம் முன்பேனும் பீடியை நிறுத்துவது, பங்குனியில் வடுவைத் திறந்து ஏலாவின் அடியை இறக்கி, உள்பூச்சுக்கு ஓரத்து வடுத்தோலைக் கீல் போல உள்ளே திருப்பி, கான்காப் பட்டை வைத்து, நேசோலேபியல் ஃப்ளாப்பால் மூடுவது, மூன்று வாரம் கழித்துக் காம்பைப் பிரிப்பது. கீலாகத் திருப்பும் தோல் நீண்டால் அதன் நுனியை நம்ப முடியாது என்று பிரிவுத் தலைவர் எச்சரித்தார். போதவில்லை என்றால் ஃப்ளாப்பையே நுனியில் மடித்து உள்பூச்சாக்கலாம் என்று மாற்றுவழியையும் எழுதிவைக்கச் சொன்னார். இரண்டாம் கட்டத்துக்கு வராமல் நின்றுவிட்டால் என்ன செய்வாய் என்று அவர் கேட்டபோது என்னிடம் விடை இல்லை. நோயாளியிடமே கேட்டேன். சம்பா நெல் அதற்குள் வீட்டுக்கு வந்துவிடும், குறுவைக்கு ஆனி வரை வயலில் பெரிய வேலை இல்லை, பங்குனியும் சித்திரையும் எனக்கு ஓய்வுதான், வருகிறேன் என்றார்.

வார இறுதியில் கறிக்கடையில் ஓர் ஆட்டுத்தலை வாங்கி, அதன் காதிலிருந்து குருத்தெலும்புப் பட்டை எடுத்துப் பழகினேன். மூன்றாவது பட்டைதான் கிழியாமல் வந்தது.

நோயாளி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: மீசையையும் தாடியையும் முழுதாக மழித்துவிட்டு வர வேண்டுமா? ஆம் என்று சொல்லிவிட்டேன்.

---

குடமுருட்டி

அன்று மாலை திறந்தோம். பக்கல் கிளை அறுந்திருந்தது. தொலைமுனை இன்னும் துடித்தது, சேர்த்துத் தைத்தார்கள். நாளம் தப்பியிருந்தது. உதடு அசைவதற்குச் சில மாதங்கள் ஆகும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறோம்.

---

வெண்ணாறு

குடமுருட்டிக்கு மகிழ்ச்சி. அரசலாறு, நோயாளியிடம் சொன்னதை மாற்றிச் சொல்லுங்கள். அறுவைக்கு முந்தைய நான்கைந்து நாள் அவர் சவரம் செய்யவே கூடாது. மழித்த கன்னத்தில் தாடி எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. அதன்மேல் ஃப்ளாப்பை வரைந்தால் ஆறு மாதம் கழித்துப் புது ஏலாவில் மீசை முளைக்கும். வளர்ந்த முடியின் எல்லையை மையால் குறித்துக்கொண்டு, அந்தக் கோட்டுக்கு மூக்குப் பக்கம் உள்ள முடியில்லாத தோலில் தாளை வைத்துப் பாருங்கள். அச்சு அதற்குள் அடங்கினால் நேசோலேபியல். அடங்காவிட்டால் நெற்றிக்குப் போங்கள். திருநீறு பூசுகிறவராக இருந்தால் மூன்று வாரம் நெற்றியில் கட்டு இருக்கும் என்பதையும், வடு நிலைக்கும் என்பதையும் இப்போதே சொல்லிவையுங்கள். அறுவை அரங்கில் உறங்கவைத்த பிறகு மழித்துக்கொள்ளலாம்.